குளிர்ந்தோடும் எஞ்சின்

மோட்டார் வண்டி வைத்திருப்போரிற் பலர் எஞ்சின் சூடேறுவதற்கு அஞ்சுவர். அது குளிர்வதற்கு அஞ்சுவார் அரியர். வெப்ப நாட்டிற் பிறந்து வெயிலில் வண்டி ஓட்டும் எமக்கு இஃது இயல்பே. பொனற்றைத் திறந்து வைத்து, றேடியேற்றரிலிருந்து ஆவி பறக்க வீதியோரத்தில் நிற்கும் வண்டியைக் காணாதார் இலர். சூடு மிகுந்த எஞ்சின் இவ்வாறு ஆரவாரம் செய்து தன் நோயைத் தானே அறிவித்துவிடும். குளிர்ந்தோடும் எஞ்சினோ யாதொரு முறைப்பாடும் செய்வதில்லை. ஓடிக்கொண்டே இருக்கும், பெற்றோலைச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும், சில ஆண்டுகள் கழிந்தபின் புகை கக்கத் தொடங்கும். அப்பொழுது நாம், "வண்டிக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைதி அடைகின்றோம்.

இந்நோயைக் கண்டறியும் வகையினை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகின்றோம். பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர்க்கு இதிற் புதியது எதுவும் இராது. பழைய மொறிஸ் மைனரையோ சிறு யப்பானியக் காரையோ வைத்துப் பேணும் ஆசிரியர்க்கும், பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தாலேயே எழுதத் துணிந்தோம். கீழே வரும் பாகைகள் யாவும் செல்சியஸ் அளவையன.

பெற்றோலை எரித்துப் பெறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே, அதுவும் நல்ல நிலைமைகளிலேயே, வேலையாக மாறிச் சில்லுகளை உருட்டுகின்றது. மிகுதியிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் வழியாகவும் வெளியேறிவிடும். அந்நீரை ஒரு பம்பி சுழற்ற, அது றேடியேற்றரிற் சென்று ஆறி மீள்கின்றது. இவ்வளவில் நின்றிருந்தால் எஞ்சினின் வெப்பநிலை காலநிலைக்கும் வேகத்துக்கும் ஏற்பக் கூடியும் குறைந்தும் அலையும். அவ்வாறு அலையாதிருக்கவே நீர்வழியில் ஒரு சிறு கதவை வைத்தனர். பாடநூல்கள் அதனை வெப்பநிலைநிறுத்தி என்னும். கராஜில் அதன் பெயர் தேமோஸ்டற். உள்ளங்கையில் அடங்கும் அப்பொருளுள் ஒரு மெழுகு உண்டு. குறித்த வெப்பநிலையில், பெரும்பாலான கார்களில் 82 அல்லது 88 பாகையளவில், மெழுகு உருகி விரிந்து ஒரு கோலைத் தள்ளக் கதவு திறக்கும். அதுவரை நீர் றேடியேற்றருக்குப் போகாது, பக்கவழி ஒன்றினால் எஞ்சினுள்ளேயே சுற்றிவரும். ஆதலால் எஞ்சின் விரைவிற் சூடு பிடித்து, பின்னர் அச்சூட்டிலேயே நிலைத்து நிற்கும்.

"இது குளிர்நாட்டாருக்கு வேண்டிய பொருள், எங்களுடைய வெயிலுக்கு இது எதற்கு?" என்று கேட்போர் எம்மிடையே பலர். கேட்பதோடு நில்லாது கழற்றி எறிந்துவிட்டோரும் பலர். இவ்வாதத்தைச் சிறு கணக்கொன்றினால் சோதித்துப் பார்ப்போம். றேடியேற்றர் வெளியே தள்ளும் வெப்பம், உள்ளிருக்கும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 பாகையில் நிற்க, இங்கிலாந்தின் 10 பாகைக் காற்றில் வேறுபாடு 80. யாழ்ப்பாணத்தின் 30 பாகைக் காற்றில் வேறுபாடு 60. அஃதாவது எமது நாட்டில் றேடியேற்றரின் ஆற்றல் காற்பங்கு குறைகின்றது, அவ்வளவே. அந்த றேடியேற்றரோ முழுச் சுமையோடு நெடு மலை ஏறும் வண்டிக்கும் போதுமாறு அமைக்கப்பட்டது. சமதரையில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சிறு காருக்கு எஞ்சினின் முழு வலுவிற் சிறு பங்கே தேவை. மலையென்று சொல்ல ஒரு மேடுதானும் இல்லாத குடாநாட்டு வீதிகளில் தேமோஸ்டற் இன்றி ஓடும் எஞ்சின், 30 பாகைக் காற்றிலும் தனக்குரிய வெப்பநிலையை எட்டாமலே ஓடித் திரியும் என்பது இதனாற் பெறப்படும். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ ஏறும் வண்டியைவிட எங்கள் வண்டிக்கே அச்சிறு கதவு கூடுதலாகத் தேவைப்படுகிறது எனலாம்.

குளிர்ந்தோடினால் வரும் கேடு யாது? முதலாவது, எரிபொருள் செவ்வையாக ஆவியாவதில்லை. துளியாய் நிற்கும் பெற்றோல் எரியாது. எரியாத பங்கை ஈடுசெய்ய மேலும் பெற்றோல் ஊற்ற வேண்டும். மிகுந்த துளிகள் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும்.

இவ்வுண்மையை நூலால் அன்றி அனுபவத்தால் அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்தார். 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது, குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். பெற்றோலின் இலகுவான கூறுகள் 40 பாகையளவிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ 150 பாகையளவுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி இருந்தாலன்றி அது எரியாமற் புகைந்து, எண்ணெயிற் கலந்து, கண்ணையும் கரிக்கும். இவ்வின எரிபொருளுக்கென்றே இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட பெர்குசன் உழவு இயந்திரங்களும் பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறிய பின்னரே மற்றைத் தாங்கிக்கு மாற்றப்பட்டன. எஞ்சின் சூடாக இருத்தல் நோயன்று, ஓட்டத்துக்கு வேண்டிய நிலை என்பதை அந்நாட்களில் வண்டி ஓட்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. இக்கால இளைஞர் அவர்களிடம் கேட்டு அறிவாராக.

இரண்டாவது கேடு நீரினால் வருவது. இரசாயனம் பயிலும் மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஒக்ரேன் 114 கிராம் முற்றாக எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகும். பெற்றோலின் அடர்த்தியையும் கருத்திற் கொண்டால், ஒரு லீற்றர் பெற்றோல் எரியுந்தோறும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் பிறக்கிறது! சூடான எஞ்சினில் அஃது ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் அது பனிபோற் படியும். எரிவினால் உண்டாகும் அமில வாயுக்கள் அதிற் கரைந்து இரும்பை அரிக்கும். சிலிண்டர் தேய்வது உராய்வினால் மாத்திரமே என்று முன்னர் எண்ணியிருந்தனர். 1930களில் இங்கிலாந்தின் மோட்டார்ப் பொறியியலாளர் நிறுவகத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர் எஞ்சின்களைக் குளிர்ந்த நிலையில் ஓட்டிச் சோதித்து, அத்தேய்வில் அமில அரிப்பின் பங்கு மிகப் பெரிது எனக் காட்டினர். கீழே எண்ணெய்த் தாங்கியை அடையும் நீரோ எண்ணெயோடு கடைபட்டு வெண்களிம்பாக மாறும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடியைப் பார்த்தால் தயிரேடு போன்ற பூச்சு தெரியும். இது சிலிண்டர் மூடியின் கஸ்கற் உடைந்ததற்கும் அறிகுறியாதலால், றேடியேற்றரில் நீர் குறைகிறதா என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். நீர் குறையாது களிம்பு மாத்திரம் தோன்றின், பெரும்பாலும் குளிரே காரணம்.

இனி நோயறியும் முறைக்கு வருவோம். காலையில், எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போதே தொடங்குக. முதலில் றேடியேற்றரின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். (சூடான எஞ்சினில் அம்மூடியைத் தொடவே கூடாது, அழுத்தத்தின் கீழ் 100 பாகைக்கு மேலும் கொதியாது நிற்கும் நீர், மூடி திறந்த கணத்திற் பொங்கி முகத்தைச் சுடும்.) நீர்மட்டத்தை முதலிற் பார்க்கச் சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. வெப்பமானியின் உணரி நீரில் மூழ்கியிருந்தாற்றான் உண்மை சொல்லும். நீர் வற்றி உணரி வெறுங்காற்றில் நிற்குமாயின், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் ஊசி குளிர்ப்பக்கத்தில் அமைதியாய்க் கிடக்கும். குளிர்ந்தோடுகிறது என நினைத்து ஓட்டி, சிலிண்டர் மூடி கோணிப்போன பின் உண்மை அறிந்தோர் உளர். இந்நோயில் உயிர்போகும் இடம் இஃது ஒன்றே. ஆதலால் இதனை நீக்கிய பின்னரே மற்றையவற்றை ஆராய்தல் முறை.

நீர் குறைவின்றி இருக்கிறது; ஆயினும் ஊசி எழவில்லை. இப்பொழுது கேட்க வேண்டிய வினா, குளிர்ந்திருப்பது எஞ்சினா, மானி மட்டுமா என்பது. உணரியினுள் இருக்கும் பொருளின் தடை, வெப்பநிலை ஏறக் குறைந்து செல்வது. கம்பி அறுந்தால் தடை முடிவிலியாகும். மானி அதனைக் கடுங்குளிர் என்று விளங்கிக்கொள்ளும். பழைய கார்களில் உணரியின் கம்பியைக் கழற்றி ஒரு கணம் எஞ்சின் உலோகத்தில் தொட்டால், ஊசி சூட்டுப் பக்கம் பாய வேண்டும். பாய்ந்தால் மானியும் கம்பியும் குற்றமற்றவை; ஒன்றில் உணரி பழுது, அல்லது எஞ்சினே குளிர்ந்திருக்கிறது. கணினி பூட்டிய புதிய வண்டிகளில் இச்சோதனையைச் செய்தலாகாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு: வண்டியின் கணினியோடு இணைத்து அது காணும் வெப்பநிலையைக் கைத்தொலைபேசியிலேயே காட்டும் சிறு கருவிகள் இன்று மலிந்துவிட்டன. எஞ்சின் எதிர்பார்த்த வெப்பநிலையை எட்டவில்லை எனக் கணினி தானே குறித்து வைக்கும் குற்றக்குறி பி 0128 என்பது. சிறு யப்பானியக் கார்கள் பலவற்றில் ஊசியே இல்லை. குளிருக்கு நீல விளக்கு, மிகுசூட்டுக்குச் சிவப்பு விளக்கு, இவ்விரண்டே. நீல விளக்கு எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்பதைக் கவனிப்பாரும் அரியர். கவனிக்க வேண்டுகின்றோம். அன்றியும் அவ்விளக்கு அணைவது தேமோஸ்டற் திறக்கும் வெப்பநிலைக்கு நெடுந்தூரம் கீழேயே. ஆதலின் விளக்கு அணைந்தமை எஞ்சின் நலமாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

கருவி எதுவும் இல்லாதார்க்கும் கை உண்டு. எஞ்சினின் மேற்பக்கத்திலிருந்து றேடியேற்றருக்குச் செல்லும் தடித்த இறப்பர்க் குழாயே இந்நோயின் நாடி. எஞ்சினை இயக்கிவிட்டு, விசிறிக்கு அப்பாற் கையை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அக்குழாயை றேடியேற்றர் ஓரத்தில் தொட்டுப் பார்க்குக. மின்விசிறி எச்சரிக்கையின்றிச் சுழலத் தொடங்கும். சால்வை, தொங்கும் சேர்ட்டுக்கை முதலியவற்றோடு குனிதல் கூடாது. தேமோஸ்டற் நலமாயிருப்பின் குழாய் நெடுநேரம் குளிர்ந்தே கிடந்து, பின்னர் திடீரெனக் கைபொறுக்காத சூடு கொள்ளும். கதவு திறந்த கணம் அதுவே. தொடக்கத்திலிருந்தே குழாயும் எஞ்சினும் ஒருங்கே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், கதவு திறந்தபடி இருக்கிறது, அல்லது கதவே இல்லை. புதிய எஞ்சின்கள் சிலவற்றில் தேமோஸ்டற் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும். அவற்றிற் கீழ்க்குழாயையே இவ்வாறு பார்த்தல் வேண்டும்.

வீதியிலும் ஓர் அடையாளம் உண்டு. சந்தைச் சந்தியில் நெரிசலில் நிற்கும்போது ஊசி நடுவில் நிற்கிறது; ஆனையிறவு கடந்து ஏ9 வீதியிற் காலைக் காற்றில் ஓடும்போதோ இறங்கிவிடுகிறது. இது திறந்து நிற்கும் தேமோஸ்டற்றின் தெளிவான குணம். வேகத்தோடு வெப்பநிலை குறையுமாயின் வேறு சாட்சி வேண்டியதில்லை எனலாம்.

எனினும் ஒரு நோயில்லா நிலையையும் இவ்விடத்திற் சொல்லிவைக்க வேண்டும். வீட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு கட்டை, கோயிலிலிருந்து சந்தைக்கு அரைக் கட்டை என்று ஓடும் காரின் எஞ்சின் சூடு பிடிப்பதற்குள் நிறுத்தப்பட்டுவிடும். அதன் எண்ணெய் மூடியிலும் வெண்களிம்பு தோன்றும். அதற்கு மருந்து புதிய உதிரிப்பாகமன்று; கிழமைக்கு ஒருநாள் அரைமணி நேர நெடு ஓட்டம்.

குழாய் குற்றம் காட்டவில்லை, ஆயினும் எஞ்சின் குளிர்கிறது எனின், விசிறியை நோக்குக. எஞ்சினை இயக்கிய கணமே மின்விசிறியும் சுழல்கிறதா? விசிறியின் ஆளி பழுதானபோது அதனை மாற்றாது, விசிறியை நேரே இணைத்துவிடுதல் எமது கராஜ்களில் வழக்கமான ஒரு சிக்கன முறை. வண்டிக்காரர் அதனை மறந்துபோவார்; விசிறி மறக்காது சுழன்றுகொண்டிருக்கும். குளிரூட்டி ஓடும்போது விசிறி சுழல்வது இயல்பாதலால் அதனை நிறுத்திவிட்டே பார்க்க வேண்டும்.

தேமோஸ்டற்றைக் கழற்றிப் பார்க்கும் நிலை வந்தால் வேலை மிக எளிது. கல்லூரி ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றும் ஒரு கேத்தல் நீருமே போதும். சட்டியில் நீரை விட்டு, தேமோஸ்டற்றை நூலிற் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியையும் அவ்வாறே பிடித்துக்கொண்டு மெல்லச் சூடாக்குக. கதவு அசையத் தொடங்கும் வெப்பநிலை, அதன் உடலிற் பொறித்த எண்ணோடு இரண்டு மூன்று பாகைக்குள் ஒத்திருத்தல் வேண்டும். முற்றாகத் திறக்க மேலும் பத்துப் பாகையளவு ஆகும். குளிர்ந்த நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கதவின் ஓரத்தில் ஒளிக்கீற்றுத் தெரியலாகாது. துருத்துகள் ஒன்று இடையிற் சிக்கிக் கதவைத் திறந்தபடி வைத்திருத்தலும் உண்டு. நுவரெலியாவில் வாழும் அன்பர்க்கு ஒரு சொல்: கடல்மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே சட்டியில் தேமோஸ்டற் முற்றாகத் திறக்கவில்லை என்று அதனைக் குறை கூறுதல் ஆகாது.

இனி, கழற்றப்போன இடத்தில் தேமோஸ்டற்றே இல்லாதிருத்தலை எம்மிடையே அடிக்கடி காணலாம். அஃது ஏன் இல்லாதுபோயிற்று என்று ஆராய்ந்தால் வேறொரு கதை வெளிப்படும். குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெண்படையாக ஒட்டுவது றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் ஒட்டும். ஆண்டுக்கணக்கிற் கிணற்று நீரை ஊற்றக் குழாய்கள் அடைபட்டு எஞ்சின் சூடேறியது. றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தஞ்செய்யப் பணமும் நாளும் செல்லும். தேமோஸ்டற்றைக் கழற்ற அரைமணி போதும். கழற்றினார்கள், சூடு சற்றுத் தணிந்தது, நோய் தீர்ந்ததென்று எண்ணினார்கள். அன்று தொட்டு அவ்வண்டிக்கு இரு நோய்: வெறும் வீதியிற் குளிர், நெரிசலிற் சூடு. இன்னும் வியப்பு என்னவெனில், சில எஞ்சின்களில் தேமோஸ்டற் திறக்கும்போதே பக்கவழியை அடைக்கும்படி இரட்டைக் கதவாக அமைந்திருக்கும். அதனைக் கழற்றினாற் பக்கவழி எந்நேரமும் திறந்தே கிடக்க, நீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். குளிர வைப்பதற்கென்று கழற்றியது பாரம் ஏற்றியபோது சூட்டையே கூட்டும். ஆதலால் புதிய தேமோஸ்டற் பூட்டுமுன் றேடியேற்றரைச் சுத்தஞ்செய்வித்தல் இன்றியமையாதது. அதனைச் செய்யாது பூட்டினால் பழைய சூடு மீளும்; "பார்த்தீர்களா, நான் சொன்னேன்" என்று மெக்கானிக் மறுபடியும் கழற்றுவார்.

எரிபொருளைப் பற்றி எண்ணும்போது 2022 ஆம் ஆண்டை மறத்தல் அரிது. அவ்வாண்டு ஆடித் திங்களிற் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரே தந்தனர். அதற்கும் வரிசையிற் காத்து நின்றோம். அவ்வரிசையில் நின்ற வண்டிகளுள் எத்தனை, கதவில்லாத நீர்வழியோடு அந்த 20 லீற்றரிற் ஒரு பங்கை வீணே ஊற்றிக்கொண்டிருந்தன என்று நினைக்கும்தோறும் வருத்தமே மிகுகின்றது. கணினி பூட்டிய வண்டிகளில் இவ்விழப்பு இன்னும் தெளிவு. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று உணரி சொல்லும்வரை, கணினி கலவையிற் பெற்றோலைக் கூட்டியே விடும். ஹைபிரிட் வண்டியிலோ, சூடேறும்வரை எஞ்சினை நிறுத்தவே கணினி இசையாது. நிற்குமிடத்தில் எஞ்சின் ஓய்வதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வண்டி, சந்தி விளக்கிலும் ஓடிக்கொண்டு நிற்கும்.

புதிய தேமோஸ்டற் வண்டிக்கு உரிய பாகையினதாக இருத்தல் வேண்டும். குறைந்த பாகையினது நல்லது என்னும் கடைக்காரர் சொல்லை ஏற்றல் வேண்டா. அதன் விளிம்பில் ஆடும் சிறு ஊசி ஒன்று இருப்பின் அது மேற்பக்கமாக வருமாறு பூட்டுக. காற்று வெளியேறும் துளை அதுவே. கிணற்று நீரை ஒதுக்கி, துருத்தடுப்புச் சேர்ந்த குளிர்த்திரவத்தைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து மெல்ல ஊற்றுக. மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, நீர்க்குமிழி வருவது நிற்கும்வரை நிரப்பி, பொங்குமுன் மூடியை இறுக்குக. மறுநாட் காலை, எஞ்சின் ஆறியிருக்க, நீர்மட்டத்தை மீண்டும் ஒருமுறை நோக்கி, மேற்குழாயிற் கைவைத்துச் சூடு ஒருமிக்க வரும் கணத்தைக் கண்டபின் பொனற்றைச் சாத்தலாம்.